இறங்க மறுத்த எண்

மதிப்பிற்குரிய டாக்டர்,

இந்த மடலில் வருபவை, வரிசைப்படி:

1. என் தலைமுடியில் இன்னும் ஒட்டியிருக்கும் பசையும், அதில் எனக்கு இருக்கும் சந்தோஷமும்.

2. மயக்கத்தில் மூளை அமைதியாகிவிடுவதில்லை, ஒரே மாதிரியாகிவிடுகிறது.

3. எந்த மருந்தில் மயங்கினாலும் மயங்கியவரின் எண் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் கோளாறு அளவையில்தான்.

4. திங்கட்கிழமை எனக்கு நடக்கப்போவது.

"கடுதாசிக்குக்கூட அஜெண்டாவா வே?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. எனக்கு வேறு மாதிரி எழுத வராது. மேலே எத்தனை படி என்று தெரிந்துகொண்டுதான் மாடி ஏறுவேன்.

இன்று சனிக்கிழமை. காலையில் தலை வாரும்போது சீப்பில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. மூளை அலையைப் பிடிக்க நெற்றியில் பட்டை ஒட்டுவதற்கு முன் தடவுவீர்களே, அந்தப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பும் ஸ்பிரிட்டும் கலந்த மெல்லிய வாடை. நம் கட்டடத்தில் எதிர் வீடாக இருந்த உங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு எப்போதும் அந்த வாடைதான். ரசம் வைத்தாலும் அதன் மேல் அது மிதக்கும். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வாடை இப்போது என் தலைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

"புண்ணு கால்லதானே? தலைக்கு என்ன வந்துச்சு? குளிங்க" என்கிறாள் கோமதி.

"நாளைக்கு."

"டாக்டரம்மா இருந்திருந்தா ஒரு வார்த்தையில குளிச்சிருப்பீங்க. பொண்டாட்டி சொன்னா நாளைக்கு."

உண்மைதான்.

நடந்தது இதுதான். கீசர் கெட்டுப்போனதால் பக்கெட்டில் ராடு போட்டு வெந்நீர் வைத்தேன். ஸ்விட்சை அணைத்தேனா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். பார்த்துத் திரும்பும்போது கால் தட்டிப் பக்கெட் கவிழ்ந்தது. வலது கெண்டைக்கால் முழுக்க வெந்துவிட்டது. மேலே மருந்து போட்டு ஆறவில்லை. செத்த தோலை வழித்து எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு முறையாக, வியாழனும் திங்களும், என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க நான் மாத்திரை சாப்பிடுவதால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய முடியாதாம். முழு மயக்கம்தான்.

முழு மயக்கம் என்ற சொல் எனக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நம் பழக்கமே அந்தப் பயத்தில்தான் தொடங்கியது.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் குடிவந்த புதிது. லிஃப்டில் பார்த்தேன். மயக்க மருந்து டாக்டர் என்று கோமதி சொல்லியிருந்தாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்க வேண்டிய நேரத்தில், நான் வருஷக்கணக்காக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"டாக்டர், மயக்கத்துல இருக்கறவர் நிஜமாவே அங்க இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்போதோ ஒரு செய்தியில் படித்திருந்தேன். கத்தி போடும்போது ஒருவருக்கு விழிப்பு வந்துவிட்டது. உடம்பு அசையவில்லை, வாய் வரவில்லை, வலி மட்டும் வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, என்றைக்காவது நானும் அந்த மேசையில் படுக்க வேண்டியிருக்குமே என்ற எண்ணம் என்னை விட்டதில்லை. வேறு யாராக இருந்தாலும் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று முதுகில் தட்டியிருப்பார்கள். நீங்கள் லிஃப்டின் கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"தெரியாது வே. நாடி, பிரஷர், வேர்வை, கண்ணுல தண்ணி. இதப் பாத்து ஊகிக்கதுதான். மானிட்டர்ல ஒரு நம்பர் வரும். அத எப்படிப் போடுதான்னு கம்பெனிக்காரன் முழுசாச் சொல்ல மாட்டான். நூத்துக்கு நூறு தெரியும்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட மயங்காதீரும்."

ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அந்த ஒரு சொல்லால் உங்களை நம்பினேன்.

பெண்கள் 'வே' போட்டுப் பேசுவார்களா என்று கோமதி பிறகு என்னிடம் கேட்டாள். திருநெல்வேலியில் அண்ணன் தம்பிகளோடு வளர்ந்து, அப்புறம் காலமெல்லாம் சிப்பாய்களோடு இருந்தவர் வேறு எப்படிப் பேசுவார் என்றேன்.

இரண்டாவது புள்ளிக்கு வருகிறேன். பறக்கும் கருவிகளிலிருந்து வரும் அலைகளைச் சுருக்கி அனுப்புவது என் பழைய உத்தியோகம். சுருக்குவதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. திரும்பத் திரும்ப வருவதை ஒரு முறை சொல்லி, "இதேபோல" என்று எழுதிவிடலாம். புதிது புதிதாக வருவதை முழுக்கச் சொல்லியே தீர வேண்டும். எவ்வளவு குறுக்க முடிகிறதோ அவ்வளவு எளிமை. குறுக்க முடியாதது சிக்கல். அந்தச் சிக்கலுக்கு ஓர் எண் போடலாம். அதை மூளை அலைக்கும் போட்டுப் பார்த்தால் என்ன என்று தயங்கித் தயங்கி உங்களிடம் கேட்டேன். இது பலர் முன்பே யோசித்ததுதான், புதிதில்லை, தப்பாகக்கூட இருக்கலாம் என்றெல்லாம் முன்னுரை சொன்னேன்.

"முன்னுரை முடிஞ்சிட்டா? விஷயத்த சொல்லும்."

அது கணபதி விழாவுக்கு முந்தைய மாதம். எங்கேயோ ஊர்வல மேளமான டோல்-தாஷா ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் சட்டென்று அதைக் காட்டினேன். புனேயில் இதைவிடப் பெரிய சத்தம் கிடையாது. ஆனால் எழுதச் சொன்னால் ஒரு சுற்றை எழுதிவிட்டு "இதையே விடியும்வரை" என்று முடித்துவிடலாம். கீழே காய்கறி வண்டிக்காரரிடம் நாலு பேர் பேரம் பேசுகிறார்களே, சத்தம் குறைவு, ஆனால் அதை ஒரு வரியில் எழுத முடியாது. விழித்திருக்கும் மூளை அந்தக் காய்கறி வண்டி. மயங்கிய மூளை தூங்கும் வீடு இல்லை, அது டோல். எல்லா உயிரணுவும் ஒன்றாக அடித்து ஒன்றாக ஓய்கின்றன. அலை பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். "எலே!" என்றீர்கள். என்னை யாரும் எலே என்று கூப்பிட்டதில்லை. பரிசு வாங்கிய மாதிரி இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனையில் அனுமதி வாங்கி, நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கி, பெயர் நீக்கிய பதிவுகளைக் கொண்டுவந்தீர்கள். அதற்கு முன் நான் எழுதிய கணினி நிரலைச் சோதிக்க வேண்டுமே, விழித்திருக்கும் ஒரு தலை வேண்டுமே என்று என் நெற்றியிலேயே பட்டையை ஒட்டினீர்கள். எண் எங்கேயோ உச்சிக்குப் போனது. நான் பயந்துவிட்டேன். நீங்கள் என் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள்.

"நெத்தியச் சுருக்காதீரும். முறுக்கு புழிஞ்ச மாதிரி வச்சிருக்கீரு. இது மூள இல்ல, உம்ம சதை பேசுது."

நெற்றியைத் தளர்த்தினேன். எண் இறங்கி நின்றது. தசை இறுகினால் அதன் மின்சாரமும் கலந்து, சிக்கலைப் போலக் காட்டும் என்று அன்று கற்றேன். கற்றதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டேனோ என்னவோ. மூன்றாவது புள்ளிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பால் போல வெள்ளையாக இருக்கும் அந்த மருந்தில் மயங்கியவர்களின் பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஊசி ஏறுகிறது, அலை பெரிதாகிறது, எண் வழுக்கி விழுகிறது. கண் திறப்பதற்குச் சற்று முன்னால் மறுபடி ஏறுகிறது. முதல் பதிவில் அதைப் பார்த்தபோது நான் எழுந்து நின்றேன். நீங்களும் எழுந்தீர்கள். இரண்டு கிழங்கள் ஒரு மடிக்கணினிக்கு முன்னால் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நிற்பதை, பொரியல் கொடுக்க வந்த கோமதி பார்த்துவிட்டாள். இன்றுவரை எங்கள் மகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

பிறகு அந்த இஸ்திரிக்கார அம்மாளின் பதிவு வந்தது. கை வெந்து, கட்டு மாற்ற கெட்டமின் என்ற வேறொரு மயக்க மருந்து கொடுத்திருந்தீர்கள். கண் திறந்தபடி இருக்கும், கூப்பிட்டால் பதில் வராது, வலி தெரியாது என்றீர்கள். நான் நிரலை ஓட்டினேன். எண் இறங்கவில்லை. விழிப்பில் இருந்ததைவிட ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

"புரோகிராம்ல ஏதோ தப்பு, டாக்டர். மன்னிச்சுக்குங்க."

"தப்பில்ல. அந்தம்மா உள்ள இருந்திருக்கா. முழிச்சதும் என்ன சொன்னா தெரியுமா? 'ஸாடி ஸம்பதச் நவ்ஹதி'ன்னா. தேச்சுக்கிட்டே இருந்தாளாம், சேலை முடியவே இல்லையாம். ஆத்த மாதிரி நீளமாம். பெட்டி சுடவே இல்லையாம்."

"உள்ள இருந்தா வலிச்சிருக்கணுமே?"

"முழிச்சிருக்கது வேற வே, உள்ள இருக்கது வேற. வீட்ல லைட் எரியும், டிவி ஓடும், கதவு பூட்டியிருக்கும். நீரு பெல் அடிச்சுப் பாத்துட்டு ஆளில்லன்னு எழுதிட்டுப் போவீரு."

நான் ஒப்பவில்லை. கெட்டமினில் தசை தளராது, இறுகும். அந்த இறுக்கம்தான் எண்ணை ஏற்றுகிறது என்றேன். கனவு என்பது தெளியும்போது வந்திருக்கலாம் என்றேன். அதையே பல மாதம் சொன்னேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் "சரி வே, உம்ம சந்தேகம் உம்மகிட்டயே இருக்கட்டும்" என்று தட்டில் இன்னொரு தோசையைப் போட்டீர்கள். முடிவு தெரிவதற்குள் ஒரு காலை நடையில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. நான் சொன்ன கடைசி வாதத்துக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். அதே வெள்ளை மருந்தில் மயக்கியது உங்கள் மானசி. உங்களிடம் வேலை பழகியவள், இப்போது அதே மருத்துவமனையில் மூத்த டாக்டர். என் அலையை அப்படியே பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டேன். "காகா, மேடம் இருந்தா கேட்கறதுக்கு முன்னாலயே ஒட்டியிருப்பாங்க" என்று மராட்டியும் இந்தியும் கலந்து சொன்னாள். அவளுக்கு நான் காகா, சித்தப்பா. படுக்கவைத்து என் நெற்றியைத் துடைத்தாள். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாள். எண்ணினேன். ஏழு சொன்னதாக நினைவு. அடுத்து வார்டு ஆயா மாவ்ஷி என் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை. கருப்புகூட இல்லை.

நேற்று அந்தப் பதிவைத் திறந்தேன், டாக்டர்! என்ன அழகான சரிவு! ஏழு என்று நான் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வரம்பு வெட்டியதுபோல இறங்குகிறது. நான் இல்லாமல்போன இடத்தை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தேன். இவ்வளவு காலம் பயந்தது இந்தப் பள்ளத்துக்கா? இதில் வலி இருக்க இடமே இல்லை. பசையைக் கழுவ மனம் வராததற்கு அதுதான் காரணம்.

ஆனால் மானசி இன்னொன்று சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை பாதியில் என் ரத்த அழுத்தம் மிகவும் விழுந்துவிட்டதாம், நெஞ்சும் இழுத்ததாம். எனக்கு ஆஸ்துமா உண்டே. திங்கட்கிழமை வெள்ளை மருந்து வேண்டாம், கெட்டமின் போடலாம் என்கிறாள்.

மூன்றாவது புள்ளியை நான் ஏன் விடாமல் பிடித்திருக்கிறேன் என்று இப்போது சொல்லிவிடலாம். அது தசையைப் பற்றிய வாதம் மட்டும் இல்லை. நீங்கள் சொன்னது சரியென்றால், கெட்டமினில் நான் உள்ளே இருப்பேன். கத்தி என் காலில் இருக்கும், நான் உள்ளே இருப்பேன், கதவு பூட்டியிருக்கும். லிஃப்டில் உங்களிடம் கேட்டேனே, அந்தப் பயம் அப்படியே. அதனால் நீங்கள் சொன்னது தவறாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

வேண்டாம் என்று மானசிக்குப் போன் செய்யப் போனேன். கோமதி போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"புண்ணு அழுகினா காலையே எடுத்துருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா அந்த மருந்துல..."

"டாக்டரம்மா எத்தனை பேருக்குப் போட்டிருப்பாங்க அந்த மருந்த?"

"கணக்கே இருக்காது."

"அவங்க மேல நம்பிக்கை இருக்கா, இல்ல அந்தக் கம்ப்யூட்டர் மேலதானா?"

போனைத் திரும்பக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. தொடர்கிறேன். வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று காலை மேசையில் படுத்ததும் மானசியிடம் என் பயத்தைச் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவளும் உங்களைப் போலவே முதுகில் தட்டவில்லை. இதைத்தான் சொன்னாள்: "நீங்க எங்கேயோ போவீங்க, காகா. எங்கேன்னு எனக்குத் தெரியாது. நான் இங்கேயே இருப்பேன். அது எனக்குத் தெரியும்." பட்டையை ஒட்டினாள். ஊசி ஏறியது.

என் கால் முதலில் போனது. மரத்துப்போவதுபோல் இல்லை. கால் என்று ஒன்று யாருக்கும் இருந்ததில்லை என்பதுபோல. பிறகு மேலே இருந்த விளக்கு சதுரம் சதுரமாகப் பிரிந்தது. நீலச் சதுரங்கள். ஒவ்வொன்றும் இன்னொன்றாகப் பிரிந்து, எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லாமல், எல்லாத் திசையிலும் போய்க்கொண்டே இருந்தன. வாழ்நாள் முழுக்க எதைப் பார்த்தாலும் எண்ணுகிறவன் நான். அவற்றை எண்ணவில்லை. எண்ணத் தோன்றவும் இல்லை. அவற்றில் நானும் ஒன்று. எங்கேயோ ஒரு கிண்ணத்தில் இரும்பு விழும் ஓசை வந்தது. அது ஓசையாக இல்லாமல் ஆரஞ்சு நிறமாக வந்து போனது. அது என் காலைச் சுரண்டும் கருவி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது, டாக்டர்! தெரிந்தும், அது பக்கத்து ஊரில் பெய்யும் மழைபோல இருந்தது.

உங்களைப் பார்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பார்க்கவில்லை. அங்கே ஆள் யாரும் இல்லை.

"காகா, ஜாலா" என்ற குரல் மிக நீளமாக, வெகு நேரம், வந்துகொண்டே இருந்தது. முடிந்தது என்று அதற்குப் பொருள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மானசி என் மேல் குனிந்திருந்தாள். அழுகிறீர்களா, வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, சிரிக்கிறேன் என்றேன். இரண்டும்தான் என்று கோமதி சொல்கிறாள்.

இன்று விடிந்ததும் நிரலை ஓட்டினேன். எண் இறங்கவில்லை. விழிப்பைத் தாண்டிப் போயிருக்கிறது, அந்த இஸ்திரிக்கார அம்மாளுக்குப் போனதுபோலவே. தசையின் பேச்சு கலக்கும் வேகமான அலைகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். கொஞ்சம் குறைந்தது, வியாழக்கிழமைப் பள்ளத்தின் அருகில்கூட வரவில்லை. எவ்வளவு நீக்க வேண்டும் என்று நான் தேர்ந்த இடம் சரிதானா என்று தெரியாது. வேறு வேறு இடங்களில் வெட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது மேலேதான் நின்றது. ஒரே தலை, மருந்துக்கு ஒரே ஒரு முறை, அதுவும் முடிவைப் பார்க்க ஆசைப்பட்ட தலை. இது நிரூபணம் இல்லை என்று முதலில் சொல்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் ஒன்றை எந்த நிரலும் இல்லாமல் சொல்லிவிடலாம். அந்த நேரம் முழுக்க என்னிடம் பயம் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது என்னோடு இருக்கிறது. பரீட்சைக்கும் வந்தது, கல்யாணத்துக்கும் வந்தது, ஸ்விட்சை அணைத்தேனா என்று பார்க்கவும் வந்தது. நேற்று அதைக் காணவில்லை. அது இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று ஒரு முறை பார்த்தாகிவிட்டது. இனி அது வரும்போதெல்லாம், நீ இல்லாமலும் என்னால் முடியும் என்று அதனிடம் சொல்ல எனக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இன்று காலை கட்டுப்போட்ட காலோடு வாசல்வரை நடந்து, உங்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகையால், மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு, டாக்டர். கோளாறு அளவையில் இல்லை. நான் அங்கே இருந்தேன்.